துணைக்கு பைபோலார் என்றால்: கணவன் மனைவிக்கு ஓர் எளிய விளக்கம்

"காலையில சிரிச்சுப் பேசுறான், சாயங்காலம் எரிஞ்சு விழுறான். சரியான பைபோலார்!" ஆபீஸ் கேன்டீனிலும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலும் இப்படிப் பேசுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. காதலித்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் பைபோலார், மேனேஜர் கோபப்பட்டால் பைபோலார். ஆனால் உண்மையிலேயே பைபோலார் என்ற மனநோய் உள்ள ஒருவருக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "கொஞ்சம் டென்ஷன், வேற ஒண்ணுமில்ல. கல்யாணமானா சரியாயிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் பெயர், நோய் உள்ளவர் விஷயத்தில் மட்டும் மறைக்கப்படுகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் அந்த நோயோடு நிஜமாகவே குடும்பம் நடத்தும் இருவர்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. இருவரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் உறவு நிலைக்குமா? நிலைக்கும். ஆனால் நோய் எப்படி நடந்துகொள்ளும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நோய் செய்ததையெல்லாம் ஆள் வேண்டுமென்றே செய்ததாக நினைப்போம். அதைவிட மோசமாக, ஆள் நியாயமாகச் சொல்வதையும் நோய்தான் பேசுகிறது என்று தள்ளிவிடுவோம். வீடுகள் உடைவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் என்று நான் நம்புகிறேன். எது நோய், எது ஆள் என்று பிரித்துப் பார்க்க என்னென்ன தெரிய வேண்டுமோ அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

மணிக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு

எல்லார் வீட்டிலும் கரண்ட் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மனநிலையும் அப்படித்தான். சம்பள நாளில் ஏறும், துக்க வீட்டுக்குப் போய் வந்தால் இறங்கும், இரண்டு நாளில் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். அப்படி நடுவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு மூளைக்குள் இருக்கிறது. பைபோலாரில் பழுதாவது அந்த ஏற்பாடு. ஏறினால் ஏறிக்கொண்டே போகிறது, இறங்கினால் இறங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. வோல்டேஜ் ஏறும்போது முதலில் பல்பு பளிச்சென்று எரியும், பார்க்க நன்றாகவே இருக்கும். கருகுவது அப்புறம்தான்.

அந்த ஏறிய நிலைக்கு மேனியா என்று பெயர். குறைந்தது ஒரு வாரம், நாளில் பெரும்பகுதி நேரம், மனநிலையும் உடலின் வேகமும் வழக்கத்தைவிட மிக உயர்ந்து நிற்கும். மூன்று மணி நேரம்தான் தூங்கியிருப்பார், ஆனால் களைப்பே இருக்காது. தூக்கம் வராமல் தவிப்பவரும் இவரும் ஒன்றல்ல. இவருக்குத் தூக்கம் தேவைப்படவே இல்லை. பேச்சு வேகமாகும், ஒரு யோசனை முடியும் முன் அடுத்தது வரும். தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்ற நம்பிக்கை வரும். செலவு, கடன், வண்டி வேகம், காம ஆசை எல்லாம் கட்டை மீறும். சிலருக்கு இது சந்தோஷமாக இல்லாமல் வெறும் எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படும். தீவிரமானால் இல்லாத குரல் கேட்பது, தனக்குத் தனிச் சக்தி இருப்பதாக நம்புவது வரைக்கும் போகும்.

இதே அறிகுறிகள் வேலையும் குடும்பமும் குலையாத அளவில் குறைந்தது நான்கு நாட்கள் நீடித்தால் அது ஹைப்போமேனியா. "அவ இந்த வாரம் என்ன சுறுசுறுப்பு!" என்று வீட்டில் எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். ஹைப்போமேனியா பலமுறை கவனிக்கப்படாமலே போவதற்கு இதுதான் காரணம்.

இறங்கிய நிலை மனச்சோர்வு. இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல் எதிலும் ஆசை இல்லாமல், உடம்பு கனத்து, குளிப்பதே பெரிய வேலையாகி, நான் எதற்கு இருக்கிறேன் என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வரும் காலம். இப்படி ஏறியோ இறங்கியோ நீடிக்கும் ஒவ்வொரு காலகட்டத்தையும் டாக்டர்கள் எபிசோட் என்பார்கள். முழு மேனியா ஒரு முறையாவது வந்திருந்தால் முதல் வகை பைபோலார். ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் மாறி மாறி வந்தால் இரண்டாம் வகை. இரண்டாம் வகை லேசானது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதில் மனச்சோர்வுக் காலம் நீளமாக இருப்பதால் வாழ்க்கைக்கு ஏற்படும் சேதம் குறைவதில்லை.

ஆக, காலையில் சிரித்து மாலையில் கோபப்படுவது பைபோலார் அல்ல. நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும் எபிசோடுகள்தான் பைபோலார். இரண்டு எபிசோடுகளுக்கு நடுவில் மாதங்களோ வருடங்களோ இருக்கலாம், அந்த நாட்களில் அவர் அவராகவே இருப்பார். கணவன் மனைவி வாழ்க்கை பெரும்பாலும் நடப்பது அந்த நடுக்காலத்தில்தான்.

இது ஏன் வருகிறது

வளர்ப்பும் குணமும் இதற்குக் காரணமல்ல. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே ஒரு மரபணு என்று இல்லை, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து அந்தச் சாய்வைத் தருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகெங்கும் சுமார் 4 கோடி பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும் நோய் இது. நம் ஊரில் காதலும் கல்யாணப் பேச்சும் தொடங்கும் அதே வயது.

முதலில் மனச்சோர்வாக வந்தால் டாக்டருக்கே வித்தியாசம் தெரியாது. இங்கே துணைவருக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலருக்கு மனநிலை மேலே ஏறி மேனியாவில் முடியலாம். "போன வருஷம் ஒரு மாசம் தூங்காம ஓடியாடிட்டு இருந்தார் டாக்டர்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் ஒரு வரி சிகிச்சையையே மாற்றிவிடும். நோயாளி அதைச் சொல்லமாட்டார். அவருக்கு அது நல்ல மாதமாகத்தான் நினைவிருக்கும்.

உள்ளே நடப்பதில் வீட்டில் இருப்பவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது உடல் கடிகாரம். எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது, எப்போது உடல் சூடு ஏறி இறங்குவது என்பதையெல்லாம் 24 மணி நேரச் சுழற்சியில் மூளை நடத்துகிறது. அந்தச் சுழற்சிக்குப் பெயர்தான் உடல் கடிகாரம். பைபோலார் உள்ளவர்களுக்கு அது எளிதில் தடம் மாறும். இரவு ஷிஃப்ட், நெடுந்தூரப் பேருந்தில் விழித்தே வந்த இரவு, பரீட்சைக்காகக் கண்விழிப்பது, வேறு நேர மண்டலத்துக்குப் பறப்பது, பிரசவத்துக்குப் பிறகான இரவுகள் என்று எதுவும் அதைக் கலைக்கலாம். தூக்கக் குறைவு மேனியாவின் அறிகுறி என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். மேனியாவைக் கிளப்பிவிடுவதும் அதுவே. கஞ்சா, மது, சில ஸ்டீராய்டு மருந்துகளும் இதே வேலையைச் செய்யும்.

இப்போது "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்ற யோசனையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் நாள் ரிசப்ஷன் முடிய நள்ளிரவு, விடிகாலை முகூர்த்தம், பிறகு ஒரு வாரம் விருந்தும் மறுவீடும் கோயிலும். பத்து நாள் ஒழுங்கான தூக்கமே கிடையாது. போதாக்குறைக்கு, புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். மேனியாவை வரவழைக்க இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. கல்யாணம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், "இந்த வீட்டுக்கு வந்ததும் இப்படி ஆயிடுச்சே" என்று ஒரு பக்கமும் "மறைச்சுத் தள்ளிவிட்டாங்க" என்று இன்னொரு பக்கமும் பேச்சு கிளம்பும். பாதிக்கப்படுவது மாப்பிள்ளையும் பெண்ணும்தான். நிச்சயத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதுதான் நேர்மை, அதுதான் பாதுகாப்பும்கூட. கேட்டுவிட்டு ஒருவர் பின்வாங்கலாம். தெரிந்தே வருபவரோடு தொடங்கும் வாழ்க்கை வேறு.

மாத்திரை என்ன செய்கிறது

இந்த நோய்க்கான முக்கிய மருந்து வகைக்கு மூட் ஸ்டெபிலைசர் என்று பெயர். மனநிலை எல்லை மீறி ஏறாமலும் இறங்காமலும் பிடித்து வைக்கும் மருந்து. அதில் மூத்தது லித்தியம். 1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் மேனியாவுக்கு அது பலன் தருவதை வெளியிட்டார், இன்றும் அது முதல் வரிசையில் இருக்கிறது. தற்கொலை அபாயத்தையும் அது குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியாபின் என்று வேறு மருந்துகளும் உண்டு. யாருக்கு எது என்பது டாக்டரின் முடிவு.

லித்தியத்தைப் பற்றி வீட்டில் இருப்பவருக்கு ஒரு விஷயம் நன்றாகப் பதிய வேண்டும். அது ரத்தத்தில் குறைந்தால் பலன் இல்லை, கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. சிறுநீரகத்தையும் தைராய்டையும்கூட அவ்வப்போது பார்ப்பார்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கத்திரி வெயிலில் வேர்த்து ஊற்றுவது, வயிற்றுப்போக்கு, வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாம் ஆபத்தில் விடலாம். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அளவை ஏற்றும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் குடித்துவிட்டு வந்தாரோ என்று சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது இந்த நோயில் மிகச் சாதாரணமாக நடக்கும் விஷயம். எடை கூடுகிறது, மந்தமாக இருக்கிறது, தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைகிறது என்ற புகார்கள் பொய்யல்ல. அவற்றை டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் எபிசோட் திரும்பும் அபாயம் அதிகம்.

சுருக்கமாக: நோயின் வேர் மரபிலும் மூளையிலும் இருக்கிறது, அதைக் கிளப்பிவிடுவதில் தூக்கக் குலைவுக்குப் பெரிய பங்கு, அடக்கி வைப்பது தொடர்ச்சியான மருந்து. இனி இருவருக்கும் இடையிலான விஷயத்துக்கு வருவோம்.

"மாத்திரை போட்டியா?"

கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். மாமியார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது என்று ஆரம்பித்த பேச்சு. அவள் குரல் உயர்கிறது. அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டுக் கேட்கிறான்: "இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அவள் சொன்ன கணக்கு சரியா தப்பா என்பது இனி விஷயமே இல்லை. அவளுடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்ற வாய்ப்பையே அந்தக் கேள்வி எடுத்துவிட்டது. இந்தக் கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் அவள் கொஞ்ச நாளில் கோபப்படுவதை நிறுத்துவாள், பிறகு சத்தமாகச் சிரிப்பதையும் நிறுத்துவாள். ஏனென்றால் அதிகமாகச் சிரித்தாலும் ஒரு பார்வை வரும். கடைசியில் நிஜமாகவே தூக்கம் குறைய ஆரம்பிக்கும்போது அதையும் மறைப்பாள். கவனமாக இருக்கிறோம் என்று நினைத்தவர், நோயின் முதல் தகவல் தனக்கு வரும் வழியையே அடைத்துவிடுகிறார்.

மருத்துவ ஆய்விலும் இதற்கு இடம் உண்டு. ஓயாமல் குறை சொல்வது, பகையாகப் பேசுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாப்பது ஆகிய மூன்றும் மிகுந்த வீடுகளில் நோயாளிக்கு எபிசோட் சீக்கிரம் திரும்புகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மூன்றாவதைக் கவனியுங்கள். பாசத்தில் செய்யும் அதிகப்படியான காவலும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் உருவாக்கிய குடும்பம் சார்ந்த சிகிச்சை இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. நோயைப் பற்றிச் சொல்லித்தருவது, பேசவும் கேட்கவும் பழக்குவது, பிரச்சினைகளைச் சேர்ந்து தீர்ப்பது என்று சுமார் ஒன்பது மாதத்தில் 21 அமர்வுகள், குடும்பத்தார் எல்லாரையும் உட்கார வைத்து. மருந்தோடு சேர்த்து இதைச் செய்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. நம் ஊரில் முழுப் பயிற்சியாகக் கிடைக்காவிட்டாலும், டாக்டரைப் பார்க்கும்போது சில முறையாவது இருவரும் சேர்ந்து போனால் இதில் பாதி நடந்துவிடும்.

அப்படியானால் கவனிக்கவே கூடாதா? கவனிக்க வேண்டும், ஆனால் எதை என்று முன்கூட்டியே இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும். பைபோலார் உள்ள, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரின் வீட்டில் இதை நான் நேரில் பார்த்தேன். அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தின் மூலையில் இன்னொரு சிறிய எண் இருக்கும், 7, 6½, 7 என்று. நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது. எழுதுவது அவர்தான். மனைவி கேட்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை, பால் கணக்கு பார்க்கும்போது கண்ணில் படும், அவ்வளவுதான். தொடர்ந்து இரண்டு நாள் ஐந்துக்குக் கீழே போனால், "என்னங்க, டாக்டருக்குப் போன் போடலாமா?" என்று கேட்க மனைவிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நன்றாக இருக்கும்போது கொடுத்தவரும் கணவர்தான். தூக்கத்துக்கு அடுத்த அடையாளம் ஒரு பேச்சு. கடைக்கு இரண்டாவது கிளை திறப்பதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அந்த வீட்டில் இருவருக்குமே அர்த்தம் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் இந்த முன்னடையாளம் வேறு. ஒருவர் பழைய பள்ளி நண்பர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போடுவார். இன்னொருவர் நள்ளிரவில் பீரோவைக் காலி செய்து அடுக்குவார். போன முறை நடந்ததை இருவரும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தாலே பட்டியல் வந்துவிடும். பட்டியலில் உள்ளது நடந்தால் நோயைச் சந்தேகிக்கலாம். மொய்ச் சண்டை அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது மொய்ச் சண்டைதான். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நன்றாக இருக்கும்போதே பேசி எழுதி வைப்பது

மேனியாவில் இருப்பவருக்குத் தனக்கு நோய் என்று தோன்றாது. நோயின் இயல்பே அது. அந்த நேரத்தில் பணம், வண்டி, டாக்டர் பற்றி என்ன சொன்னாலும் எதிரியின் பேச்சாகவே கேட்கும். அதனால் நடுக்காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். டாக்டரிடமும் ஒரு நகல் இருப்பது நல்லது.

பணத்தில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எபிசோட் முடிந்தும் நீண்ட நாள் குடும்பத்தை வாட்டுவது கடன்தான். வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் தனித்தனிக் கணக்கு, ஜிபே போன்ற பரிமாற்றங்களுக்கு வங்கியிலேயே குறைந்த உச்சவரம்பு, கிரெடிட் கார்டு வேண்டாம் என்ற முடிவு, நகையைத் தனி ஆளாக அடகு வைக்க முடியாதபடி லாக்கரில் வைப்பது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தச் செலவுக்கும் இரண்டு இரவு பொறுப்பது என்று ஒரு விதியும் வைக்கலாம். நோய் இல்லாதவருக்கும் அந்த விதி பொருந்தட்டும், அப்போதுதான் அது தண்டனையாகத் தெரியாது.

அப்புறம், யார் டாக்டருக்குப் போன் செய்வது, வண்டிச் சாவி யாரிடம் போகும், ஃபேஸ்புக் கடவுச்சொல்லை என்ன செய்வது, பிள்ளைகளை எந்த வீட்டில் விடுவது, அக்காவுக்குச் சொல்லலாமா, ஆபீஸில் என்ன சொல்வது. இதில் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த எவரும் தனக்கு மனநோய் தீவிரமானால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். அது கணவனோ மனைவியோதான் என்று கட்டாயமில்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும்

மேனியா ஏறும் நேரத்தில் வாதாடிப் பயனில்லை. தர்க்கத்தில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது, அவருடைய மூளை உங்களைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குரலைத் தாழ்த்துங்கள், சுருக்கமாகப் பேசுங்கள். டிவியை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, விருந்தாளிகளைத் தள்ளிப்போட்டு வீட்டை அமைதியாக்குங்கள். எழுதி வைத்த தாளை எடுத்து, "இது உங்க கையெழுத்து, இப்படி ஆனா டாக்டரைப் பார்க்கலாம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அடிக்க வந்தால், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்து உதவி கேளுங்கள். அவரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

மனச்சோர்வில் நிலைமை தலைகீழ். "மனசைத் தைரியமா வெச்சுக்க", "உனக்கு என்ன குறை" என்பதெல்லாம் அவருக்கு இன்னொரு குற்றப்பத்திரிகை போலத்தான் கேட்கும். பெரிய ஆறுதலைவிட, "குளிக்க வெந்நீர் போட்டிருக்கேன்", "தெருமுனை வரை நடந்துட்டு வரலாம், பேச வேண்டாம்" என்ற அளவில் ஒன்றொன்றாக வைப்பது உதவும். முடியாது என்றால் விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள், வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சிநேகா அமைப்பின் எண் 044 24640050.

எபிசோட் முடிந்த பிறகு

யாரும் அதிகம் பேசாத பகுதி இது. அவர் தெளிந்துவிட்டார். இப்போதுதான் எவ்வளவு கடன் வாங்கினார், யாரையெல்லாம் திட்டினார், சிலசமயம் யாரோடு தகாத உறவுக்குப் போனார் என்பது அவருக்கே முழுதாகத் தெரிகிறது. வெட்கத்தில் கூனிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் துணைவருக்குக் கோபம் இருக்கும். அந்தக் கோபம் நியாயமானது. "நோய்தானே" என்று அதை விழுங்கிக்கொண்டால் வேறொரு நாள் வேறொரு ரூபத்தில் வெளிவரும்.

என் கருத்து இது. நடந்ததற்கு நோய் ஒரு காரணம், அதனால் அவரைக் கெட்டவர் என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் நடந்ததைச் சரிசெய்யும் பொறுப்பில் அவருக்குப் பங்கு உண்டு. கடனை அடைக்கும் திட்டத்தில் அவர் உட்கார வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டும், மருந்தைத் தொடர வேண்டும். பொறுப்பை முழுவதுமாக எடுத்துவிட்டால் அவர் அந்த வீட்டில் குழந்தையாகிவிடுவார், பிறகு கணவன் மனைவி உறவு அங்கே இருக்காது. தெளிந்த உடனே எல்லாவற்றையும் கொட்டாமல் சில வாரம் பொறுத்து, தூக்கம் சீரான பிறகு, முடிந்தால் ஆலோசகர் முன்னிலையில் பேசுங்கள். மேனியாவை அடுத்து மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா

பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டு. பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100இல் ஏறத்தாழ 10 என்பார்கள். அதாவது பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. கவனிக்க வேண்டியது மருந்து. வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் அபாயம் அதிகம். கருத்தரிக்கும் வயதுப் பெண் அதை எடுத்துக்கொண்டிருந்தால், தள்ளிப்போன பிறகு ஓடாமல், குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததுமே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். பயந்துபோய் எல்லா மாத்திரையையும் தானாகவே நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

பைபோலார் உள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் எபிசோட் வரும் அபாயம் மிக அதிகம். இரவுப் பாலூட்டலில் யார் என்ன செய்வது என்று வளைகாப்புக்கு முன்பே பேசி வையுங்கள். இரவில் அவளுக்குத் தொடர்ச்சியாகச் சில மணி நேரத் தூக்கம் கிடைப்பது மருந்துக்குச் சமம். அதற்காகக் கணவனோ அம்மாவோ புட்டிப்பால் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவருக்கு

துணைவருக்கும் தூக்கம் வேண்டும், நண்பர்கள் வேண்டும், இந்த நோயைப் பற்றி அழுது பேச ஒரு ஆளாவது வேண்டும். ரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகவே சுமப்பவர்கள் சில வருடங்களில் தாங்களே மனச்சோர்வுக்கு ஆளாவதைப் பார்க்கிறோம். யாரிடம் சொல்லலாம் என்று இருவரும் பேசி இரண்டு பேரையாவது முடிவு செய்துகொள்ளுங்கள்.

எபிசோட் இல்லாத நாட்களிலும் ஒருவர் அடிக்கிறார், மிரட்டுகிறார், அவமானப்படுத்துகிறார் என்றால் அதை பைபோலார் கணக்கில் எழுதாதீர்கள். அது வன்முறை. பெண்களுக்கான 181 உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது. விலகிப் போக முடிவெடுப்பவரையும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. அதே நேரம், "மனநோய் இருக்கு, விவாகரத்து வாங்கிடலாம்" என்று உறவினர்கள் தரும் அவசர யோசனையும் சரியல்ல. நோய் இருக்கிறது என்பது மட்டுமே இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குப் போதுமான காரணமாகாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்குத் தீவிரமா என்பதையே சட்டம் கேட்கிறது. மனச்சிதைவு என்ற வேறொரு மனநோய் தொடர்பான ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமும் இதே அடிப்படையில்தான் தீர்ப்பு சொன்னது.

சிகிச்சைக்குப் பணமில்லை என்பவர்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள மனநலப் பிரிவுக்குப் போகலாம், ஆலோசனையும் மருந்தும் இலவசம். முதல் முறை போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, எபிசோடுகள் எந்த மாதம் வந்தன என்று நினைவிலிருந்து எழுதிய ஒரு தாள், இவற்றோடு இருவருமே போங்கள். டாக்டர் முதலில் நோயாளியிடம் தனியாகப் பேசட்டும். அவர் சம்மதித்தால் உங்களுக்கும் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள்.